கத்தியா, ஊசியா, அப்படியே விடுவதா: ஆண் பன்றிக் குட்டிகளுக்கு எந்த வழி?

இருபது தாய்ப்பன்றி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: “கத்தியே வைக்காம ரெண்டு ஊசியில காயடிச்சிடலாம்னு சொல்றாங்களே, நிஜமா? நிஜம்னா நான் எதுக்கு மாசாமாசம் பிளேடு வாங்கிட்டு இருக்கேன்?”

நிஜம்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்த ஊசி 1998 முதல் விற்பனையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009லும் அமெரிக்கா 2011லும் அனுமதி கொடுத்தன. பிரேசிலின் பெரிய பண்ணைகள் பலவும் அதற்கு மாறிவிட்டன. ஆனால் “நிஜமா?” என்பது ஒரு கேள்வி, “எனக்குச் சரிவருமா?” என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது ஊசியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது என்று தெரிந்தது. கத்தி, ஊசி, ஒன்றும் செய்யாமல் அப்படியே வளர்ப்பது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இதே குழப்பத்தில் வேறு சிலரும் இருப்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

காயடிப்பதற்கு முதல் காரணம் வாடை. ஆட்டுக்கிடாவின் மொச்சை வாடை தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம்; ஆண் பன்றியின் வாடை அதற்கு அண்ணன். பருவத்துக்கு வந்த ஆணின் கொழுப்பில் இரண்டு பொருள்கள் சேர்கின்றன. ஒன்று ஆண்ட்ரோஸ்டீனோன். விரையில் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனோடு சேர்ந்து உருவாவது, மூத்திரமும் வியர்வையும் கலந்த நெடி. இன்னொன்று ஸ்கேட்டோல். பெருங்குடலில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கிருமிகள் உடைக்கும்போது வருவது, மல நெடி. ஸ்கேட்டோல் பெண் பன்றியிலும் உண்டாகிறது, ஆனால் கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. ஆணில், விரையிலிருந்து வரும் ஸ்டீராய்டுகள் கல்லீரலின் அந்த வேலையை மந்தமாக்கிவிடுகின்றன. ஆகவே விரை அடங்கினால் இரண்டு நெடியும் சேர்ந்தே குறையும்.

இதே ஆண்ட்ரோஸ்டீனோன்தான் ஆணின் வாய் நுரையில் இருந்துகொண்டு, சினைப்பருவத்தில் இருக்கும் பெண் பன்றியை அசையாமல் நிற்க வைக்கிறது. மனிதர்களில் கணிசமானவர்களுக்கு மரபணு வேறுபாட்டால் இந்த நெடி தெரிவதே இல்லை. அதனால் “எங்க வீட்ல சமைச்சோம், ஒண்ணும் தெரியலையே” என்ற ஒருவர் சாட்சியை நம்பி முடிவெடுக்காதீர்கள். வாடை கிளம்புவது சட்டியில் கொழுப்பு உருகும்போது. மசாலா போட்டால் போய்விடும் என்பார்கள். அதற்குள் அது சமையலறை முழுக்கப் பரவியிருக்கும். தோலும் கொழுப்புமாகச் சாப்பிடும் கூர்க், கேரளச் சமையலுக்குப் போகிற கறி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் தீவனம். விரை இருக்கும் ஆண், தின்றதைச் சதையாக்குகிறது. காயடித்தது கூடுதலாகத் தின்று கொழுப்பாக்குகிறது. மூன்றாவது வலியும் அதைப் பற்றிய சட்டமும். நான்காவது ஆள்: யார் பிடிப்பது, எத்தனை முறை, என்ன ஆபத்து. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் மற்ற நான்கையும் அது புரட்டிப் போட்டுவிடும். பன்றி என்றைக்கு வெட்டப்படும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?

## கத்தி

நம்மூர் வழக்கம் இதுதான். குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முழங்கால் இடுக்கில் வைத்து, விரைப்பையில் இரண்டு கீறல். விரையைப் பிதுக்கி வெளியே எடுத்து நரம்போடு அறுத்து, அயோடின் தடவி இறக்கிவிடுவது. பழகிய கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் குட்டி போடும் சத்தத்தைக் கேட்டு அடுத்த கொட்டகையில் இருக்கும் தாய் எழுந்து நிற்கும்.

கத்தியின் பலம் அதன் நிச்சயம். விரை போனால் போனதுதான். பன்றியை ஆறு மாதத்தில் விற்றாலும் பத்து மாதத்தில் விற்றாலும் ஆண்ட்ரோஸ்டீனோன் வாடைக்கு இடமில்லை. தேதி, குளிர்பெட்டி, பதிவேடு எதுவும் வேண்டாம்.

செலவு குறைவு என்பது மட்டும் பாதி உண்மை. பிளேடும் அயோடினும் மலிவு. கணக்கில் வராதவை வேறு. தலைகீழாகப் பிடித்தவுடன் இடுப்போரம் புடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் கீறினால், குடலிறக்கம் உள்ள குட்டிக்கு விரையோடு குடலும் வெளியே வந்துவிடும். அப்படி ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்ட பண்ணைக்காரர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அவர் தொடை மேல் பழைய சாக்கு விரித்து அதன் மேல் அது கிடந்தது, கத்துவதை நிறுத்திவிட்டிருந்தது. மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைப்பது இன்னொன்று. வேப்பெண்ணெய் தடவுவார்கள், பலனும் உண்டு, ஆனால் ஈரத் தரையில் படுக்கும் குட்டிக்கு அது போதாது.

அப்புறம் வலி. சின்னக் குட்டிக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு காலத்தில் புத்தகங்களே சொன்னன. இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 7 நாளைக்கு மேற்பட்ட குட்டியை மயக்க மருந்தும் நீண்டநேர வலி நிவாரணியும் கொடுத்து கால்நடை மருத்துவர்தான் காயடிக்க வேண்டும். சில நாடுகள் அதற்கும் மேலே போயின. நார்வே 2002லேயே மயக்க மருந்தைக் கட்டாயமாக்கியது. சுவிட்சர்லாந்து 2010, ஸ்வீடன் 2016, ஜெர்மனி 2021, பிரான்ஸ் 2022 என்று வரிசையாக வந்தன. இடையில் 2010ல் ஐரோப்பியப் பண்ணை, இறைச்சி அமைப்புகள் சேர்ந்து பிரஸ்ஸல்ஸில் ஒரு பிரகடனம் செய்தன: 2018க்குள் அறுவையை தாங்களாகவே கைவிடுவதாக. 2018 வந்தது, போனது, கத்தி போகவில்லை. ஜெர்மனியில் இப்போது பயிற்சி பெற்ற பண்ணையாளரே ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்துக் காயடிக்கலாம். ஆனால் கருவிக்கு விலை உண்டு, கசியும் வாயு வேலை செய்பவருக்குத் தலைவலி கொடுக்கும், அது புவியைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுவும்கூட.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ‘விதிக்கப்பட்ட முறையில்’ காயடிப்பதைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் வலி நிவாரணி வேண்டாம் என்று பொருள் இல்லை. மெலாக்சிகாம் என்ற வலி நிவாரணி ஊசி பெரிய செலவில்லை, கீறுவதற்குச் சற்று முன்பே போட வேண்டும், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீறும் நேர வலியை அது நிறுத்தாது (அதற்கு இடத்தை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் போட வேண்டும்), பிந்தைய வலியைக் குறைக்கும். கடையில் வேறெதையாவது தள்ளிவிட்டால் வாங்காதீர்கள். மருந்து ஏறிய மாட்டுப் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் டைக்லோஃபெனாக் 2006லும், கீட்டோபுரோஃபென் 2023லும் இங்கே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை.

கத்தியின் உண்மையான செலவு ஐந்து மாதம் கழித்துத் தீவனத் தொட்டியில் தெரியும். விரை இருக்கும் ஆணைவிடக் காயடித்தது ஒரு கிலோ எடை ஏற ஏறத்தாழ 10 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதல் தீவனம் தின்னும். கணக்குக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். 30 கிலோவிலிருந்து 110 கிலோ வரை ஏற்ற வேண்டியது 80 கிலோ. காயடித்ததற்குக் கிலோவுக்கு 3 கிலோ தீவனம் என்றால் 240 கிலோ, விரை இருப்பதற்கு 2.7 என்றால் 216 கிலோ. ஒரு பன்றிக்கு 24 கிலோ வித்தியாசம். தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் 840 ரூபாய். ஓட்டல் மிச்சம் போட்டு வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர் கிலோவுக்குக் காசு கொடுப்பதில்லை; தவிர, சோறும் சாம்பாரும் தின்னும் பன்றிக்குப் புரதம் போதாது, விரை இருந்தாலும் சதை அந்த அளவு ஏறாது. (மிச்சத்தைக் கொதிக்க வைத்துத்தானே போடுகிறீர்கள்?)

## ஊசி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசியைப் பற்றி உலவும் தவறான பேச்சு எல்லாம் அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரியாததால் வருவது.

ஆணின் இனப்பெருக்க வேலை மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதி, ஜிஎன்ஆர்எச் என்ற சின்ன ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அது பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போய் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டை வெளியே அனுப்பச் சொல்கிறது. எல்எச் விரையிலுள்ள லேடிக் செல்களைத் தூண்டி டெஸ்டோஸ்டீரோனையும் ஆண்ட்ரோஸ்டீனோனையும் சுரக்க வைக்கிறது. எஃப்எஸ்எச் விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. மேலே இருக்கும் அந்த முதல் குழாயை மூடினால் கீழே எல்லாம் வற்றும்.

ஜிஎன்ஆர்எச் பத்தே அமினோ அமிலம் கொண்டது. அந்த வரிசையை 1971ல் கண்டுபிடித்தது ஆண்ட்ரூ ஷாலியின் குழு. அதற்கு அவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைபோதலாமஸைச் சேகரித்து அரைக்க வேண்டியிருந்தது. 1977ல் நோபல் பரிசு வந்தது. பன்றியிடமிருந்தே கற்றுக்கொண்டதைப் பன்றிக்கே ஊசியாகப் போடுகிறோம்.

உடம்பு தன் சொந்த ஹார்மோனை எதிரியாகப் பார்ப்பதில்லை. அதனால் ஜிஎன்ஆர்எச் போலவே இருக்கும் ஒரு துண்டை, உடம்புக்கு அந்நியமான ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டி ஊசியில் வைக்கிறார்கள். இம்ப்ரோவாக் என்ற பெயரில் விற்பதில் அந்தப் புரதம், குழந்தைகளுக்குப் போடும் டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) தடுப்பூசியில் வரும் டாக்சாய்டு, அதாவது விஷம் நீக்கிய கிருமிப் புரதம். பன்றியின் எதிர்ப்புச் சக்தி இரண்டையும் சேர்த்தே எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. முதல் ஊசி நினைவை மட்டும் உண்டாக்கும். விரையில் ஒன்றும் மாறாது. குறைந்தது 4 வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசிக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பொருள் பெருகி, பன்றியின் சொந்த ஜிஎன்ஆர்எச்சைப் பிட்யூட்டரிக்குப் போகும் வழியிலேயே பிடித்துவிடுகிறது. இதில் ஹார்மோன் எதுவும் ஏற்றப்படுவதில்லை. ஒட்டிய துண்டுக்கு ஹார்மோன் வேலை கிடையாது, வாய்வழி போனால் செரித்துப் போகும். மருந்து எச்சம் கறியிலிருந்து போகக் காத்திருக்க வேண்டிய காலம் ஐரோப்பாவில் இதற்குப் பூஜ்யம் நாள்.

இனப்பெருக்க உறுப்புகளில் என்ன நடக்கிறது? முதலில் எல்எச் விழுகிறது, பின்னாலேயே டெஸ்டோஸ்டீரோன் விழுகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் ஏறுவதும் முட்டிக்கொள்வதும் அடங்குகின்றன. லேடிக் செல்கள் சுருங்குகின்றன. விந்துக்குழல்களின் விட்டம் குறைகிறது, விந்தணு உருவாகும் படிகள் நடுவில் அறுந்துபோகின்றன. இறைச்சிக்கூடத்தில் பார்த்தால் விரை, ஊசி போடாத ஆணுடையதில் பாதி எடையோ அதைவிடக் குறைவாகவோ, வெளிறிப்போய்க் கிடக்கும். துணைச் சுரப்பிகளில் மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆண் பன்றிக்கு விந்தோடு கலக்கும் திரவத்தைத் தரும் பல்போயூரித்ரல் சுரப்பி வழக்கத்தில் விரல் நீளத்துக்குத் தடித்து இருக்கும்; டெஸ்டோஸ்டீரோன் இல்லாவிட்டால் சூம்பிவிடும். இரண்டாவது ஊசியை எவ்வளவு இளம் வயதில் போடுகிறோமோ, அவ்வளவுக்கு விரை வளராமலே நின்றுவிடுகிறது. பருவமடைந்த பிறகு போட்டால், வளர்ந்த விரை சுருங்க வேண்டும். முன்பே உருவான விந்தணுக்கள், விரையை ஒட்டிய எபிடிடிமிஸ் என்ற குழலில் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். ஆகவே இரண்டாவது ஊசி போட்ட மறுநாளே பெண் பன்றிகளோடு சேர்த்து விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் நிரந்தரமா? இல்லை. எதிர்ப்பொருள் மெல்லக் குறையும், குழாய் திறக்கும். மருந்தோடு வரும் வழிகாட்டி, இரண்டாவது ஊசிக்கு 4 முதல் 6 வாரத்துக்குள் வெட்டச் சொல்கிறது. தாமதமானால் 10 வாரம் வரை வாடை ஆபத்து மிகக் குறைவு. அதற்குப் பின் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். சில பன்றிகள் சீக்கிரம், சில பல மாதம் கழித்து. “நல்லா வளர்ந்த ஒண்ணை, ஊசி போட்டிருந்தாலும் இனவிருத்திக்கு வச்சுக்கலாமா?” என்று நண்பர் கேட்டார். கூடாது. எது எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, மருந்தும் அதற்கானதல்ல. இனவிருத்திக்கு வைக்கப்போகும் ஆணை முதல் ஊசிக்கு முன்பே காதில் அடையாளமிட்டுத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

தீவனக் கணக்கில் ஊசி கெட்டிக்காரத்தனமானது. இரண்டாவது ஊசி வரை பன்றி முழு ஆணாகவே வளர்கிறது, தின்றதைச் சதையாக்குகிறது. அதற்குப் பின் பசி கூடி, கடைசி வாரங்களில் எடை வேகமாக ஏறுகிறது, கொழுப்பும் சேர்கிறது. மொத்தத்தில் கத்தி வைத்ததைவிடத் தீவனம் மிச்சம். ஆனால் இரண்டாவது ஊசிக்கும் வெட்டுக்கும் இடைவெளி நீள நீள, அந்த மிச்சம் கரைந்து, காயடித்த பன்றி போலவே தின்னத் தொடங்கும்.

இதன் மறைமுகச் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. இரண்டாவது ஊசி நாளில் பன்றி 70, 80 கிலோ இருக்கும். கொட்டகைக்குள் இருபது இளம் ஆண்கள், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் 2 மில்லி. போட்டதன் முதுகில் கலர் அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அது முழு ஆண்தான், ஒரே ஒரு ஊசி மட்டும் போட்ட பன்றியும் முழு ஆண்தான். பத்து நாள் கழித்து மறுபடி கொட்டகையைச் சுற்றிவந்து, இன்னும் ஏறிக்கொண்டிருப்பது, விரை பெரிதாகத் தொங்குவது எது என்று பார்த்து அதற்கு மறுபடி போட வேண்டும். வெட்டிய பிறகு உடல் எடையில் கறி விகிதமும் கத்தி வைத்ததைவிட ஒன்றிரண்டு சதவீதம் குறையும், ஏனென்றால் விரையும் நிறைந்த குடலும் எடையில் போகின்றன. உயிர் எடைக்கு விற்பவருக்கு இது உறைக்காது. கறி எடைக்கு விற்பவருக்கு உறைக்கும்.

ஊசி போடும் ஆளைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பன்றியின் ஜிஎன்ஆர்எச்சும் மனிதனுடையதும் அச்சு அசல் ஒன்றே. ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் மனிதருக்கும் அதே விளைவு வரலாம், ஆண் பெண் இருவருக்கும். ஒருமுறை குத்தியவருக்கு இரண்டாம் முறை குத்தினால் ஆபத்து அதிகம். அதனால் பாதுகாப்புப் பூட்டு உள்ள கருவியில் மட்டுமே போட வேண்டும், சாதாரண சிரிஞ்சு கூடாது. கர்ப்பிணிகள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் தொடவே கூடாது. குத்திக்கொண்டவர் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அதன் பிறகு இந்த மருந்தை வாழ்நாளில் கையாளக் கூடாது. குடும்பமாகப் பண்ணை பார்க்கும் வீடுகளில் ‘யாராவது போட்டுவிடுவார்கள்’ என்று விட முடியாத வேலை இது.

ஐரோப்பாவில் பல சில்லறை வணிகர்கள் ஊசிக் கறியைத் தொடத் தயங்கியதற்குப் பெயர்தான் காரணம். ‘ஹார்மோன் கறி’ என்ற தலைப்பு வந்துவிடுமோ என்ற பயம். நம்மூரில் கோழிக்கு ஊசி என்ற புரளி எப்படிப் பரவியது என்று நினைத்துப் பாருங்கள்.

## அப்படியே விடுவது

பிரிட்டனும் அயர்லாந்தும் காயடிப்பதே இல்லை. ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பெரும்பாலும் அப்படித்தான். ரகசியம் எடையில் இருக்கிறது: பருவம் முழுதாக முற்றுவதற்கு முன் வெட்டிவிடுவது. ஸ்பெயினிலேயே, பெரிய எடைக்கு வளர்த்து ஹாம் செய்யும் இபேரியப் பன்றிக்குக் காயடிக்கிறார்கள். இத்தாலியில் பார்மா ஹாமுக்கு ஒன்பது மாதம், 160 கிலோ என்று வளர்ப்பதிலும் அதே கதை.

வலி இல்லை, ஊசி இல்லை, தீவனம் மிகக் குறைவு, கறி கொழுப்பில்லாமல் இருக்கும். ஆனால் நான்கு மாதத்துக்கு மேல் கொட்டகை குஸ்தி மைதானம் ஆகிவிடும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கால் முறிவது, தோலில் பல் காயம், பெண்ணோடு கலந்து வைத்தால் வெட்டப்போகும் நேரத்தில் சினை. நாட்டுப் பன்றியோ கலப்போ என்றால் இன்னும் சீக்கிரமே பருவமடையும். சில வாடை உள்ளவை எப்படியும் தப்பி வரும். நெதர்லாந்தின் இறைச்சிக்கூடங்களில் வரிசையில் தொங்கும் ஒவ்வொரு ஆணின் கொழுப்பிலும் சூடான இரும்பை வைத்து, கிளம்பும் புகையை ஆள் மோந்து பார்த்துப் பிரிக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் மோந்து பார்ப்பவர் வாடிக்கையாளர்.

தரையை உலர்வாக, சுத்தமாக வைத்தால் ஸ்கேட்டோல் குறையும். சாணத்தில் புரளும் பன்றியில் கூடும். கடைசி வாரங்களில் சிக்கரி வேரோ பச்சை உருளைக்கிழங்கு மாவோ கொடுத்தாலும் ஸ்கேட்டோல் குறைகிறது. ஆண்ட்ரோஸ்டீனோனுக்கு இதெல்லாம் பெரிதாக உதவாது.

பெண் குட்டி மட்டும் பிறக்கும்படி விந்தைப் பிரித்துப் போட முடியாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். மாட்டுக்கு முடிகிறது. பன்றிக்கு ஒரு தவணை கருவூட்டலுக்கே நூறு கோடிக் கணக்கில் விந்தணு வேண்டும், அவ்வளவையும் பிரித்தெடுப்பது பண்ணைக்குக் கட்டுப்படியாகாது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | கத்தி | ஊசி | அப்படியே |
|---|---|---|---|
| எப்போது | முதல் வாரத்தில் ஒரு முறை | 8 வாரத்துக்கு மேல் முதல் ஊசி. வெட்டுக்கு 4–6 வாரம் முன் இரண்டாவது | எதுவும் இல்லை |
| விரை, விந்தணு | நிரந்தரமாகப் போய்விடும் | சுருங்கும், உற்பத்தி தடைபடும்; நாளாவட்டத்தில் திரும்பலாம் | முழுதாக இருக்கும் |
| வாடை | ஆண்ட்ரோஸ்டீனோன் இல்லை | இரண்டு ஊசியும் சரியாக விழுந்தால் இல்லை | எடை, வயது ஏற ஏற ஆபத்து |
| தீவனம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| சண்டை, ஏறுதல் | இல்லை | இரண்டாவது ஊசி வரை உண்டு | கடைசி வரை உண்டு |
| ஆபத்து | குடலிறக்கம், புண், குட்டி இழப்பு | ஊசி போடுபவர் கையில் குத்துவது, விட்டுப்போகும் பன்றி | காயம், சினை, திரும்பி வரும் கறி |
| விற்பனை தள்ளிப்போனால் | வாடை வராது. தீவனம் மட்டும் நட்டம் | 10 வாரம் தாண்டினால் மூன்றாவது ஊசி | வாடை ஆபத்து வாரத்துக்கு வாரம் கூடும் |

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். 2020ல் கொரோனாவால் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இறைச்சிக்கூடங்கள் மூடியபோது, விற்பனைக்குத் தயாரான பன்றிகள் வாரக்கணக்கில் கொட்டகையில் தேங்கின. நம் பக்கம் 2022 ஜூலையில், வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியான அதே மாதம், வெளிமாநிலப் பன்றிகள் வருவதைக் கேரளம் தடுத்தது. கேரள வண்டியை நம்பியிருந்த தமிழ்நாட்டுப் பண்ணைகளில் வளர்ந்த பன்றிகள் தின்றுகொண்டே நின்றன. அந்த மாதிரி நேரத்தில் கத்தி வைத்த பன்றி கொழுக்கும், அவ்வளவுதான். ஊசி போட்ட பன்றியின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி ஊசி போட்டால், அதன் பிறகும் வெட்ட 4 வாரம் காத்திருக்க வேண்டும்.

## யாருக்கு எது

ஒரே இறைச்சிக்கூடத்தோடு ஒப்பந்தம், தொகுதி தொகுதியாக ஒரே வயதில் ஏற்றி அனுப்புவது, விலைக்கு வாங்கும் தீவனம், பதிவேடு எழுதும் பழக்கம், பாதுகாப்புக் கருவியில் பயிற்சி பெற்ற இரண்டு ஆள். இவ்வளவும் இருந்து, உங்கள் மருத்துவர் மூலம் மருந்து முறைப்படி கிடைக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், ஊசிதான் என் தேர்வு. பெரிய எடைக்கு வளர்ப்பவருக்கும் மூன்று ஊசித் திட்டம் உண்டு, ஆனால் செலவும் அதே அளவு கூடும்.

80, 90 கிலோவிலேயே இளம் பன்றியாகப் போகும் சந்தை, ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொட்டகை, உலர்ந்த தரை இருந்தால் அப்படியே விடுவதைச் சின்னதாக முயன்று பார்க்கலாம். முதல் தொகுதியில் பத்தை வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டுக் கொழுப்பை மூடிய சட்டியில் சூடாக்கி, நான்கைந்து பேரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் மூக்கு பொதுவாக இதில் கூர்மை, அவர்கள் இருக்கட்டும்.

ஓட்டல் மிச்சம், கிறிஸ்துமஸுக்கு நாலு, கல்யாணத்துக்கு ரெண்டு, மீதி வியாபாரி வரும்போது என்று விற்பவருக்குக் கத்தியை விட்டால் வழியில்லை என்பேன். முதல் வாரத்திலேயே, புடைப்பு பார்த்து, வலி நிவாரணி போட்டு, உலர்ந்த வைக்கோல் மேல் இறக்கிவிட்டு. மூன்றாவது வாரம் வரை தள்ளிப்போட்டால் புண் பெரிது, வலியும் பெரிது.

நண்பரிடம் கடைசி ஆறு விற்பனையின் தேதியைக் கேட்டேன். டைரி கிடையாது, வியாபாரிக்குப் போன் செய்த நாளைப் பழைய அழைப்புப் பட்டியலிலிருந்து தேடி எடுத்தார். வண்டி வரும் என்று அவர் நினைத்த வாரமும் வந்த வாரமும் இரண்டு முறைதான் பொருந்தின. ஒரு முறை ஏழு வாரம் தள்ளிப் போயிருக்கிறது, பணம் கைக்கு வர இன்னும் மூன்று வாரம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, அந்த வலி ஊசி பேர் என்ன சொன்னீங்க, எழுதிக் குடுங்க” என்றார்.